கை கழுவிய பிறகு தொடும் கைப்பிடி

சொகுசுக் கப்பலில் ஏறும் இடத்தில் சிரித்த முகத்தோடு ஒருவர் நின்று, வருகிற ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் சானிடைசரைப் பீய்ச்சுவார். உணவுக்கூடத்து வாசலிலும் இதே உபசாரம் நடக்கும். பயணி அதைக் கப்பலின் அக்கறையாக எடுத்துக்கொள்கிறார். கப்பல் சுகாதாரத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பாதி உபசாரம், பாதி நாடகம். ஏனென்றால் கப்பல்களில் கூட்டங்கூட்டமாக வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கிளப்பும் முதல் குற்றவாளி நோரோ வைரஸ். அது ஆல்கஹாலுக்கு அவ்வளவாக மசியாது. இது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் புட்டி வாசலில் நிற்கிறது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. இத்தனை ஆண்டுகளில் இந்தத் துறையில் எத்தனையோ கருவிகளும் ரசாயனங்களும் படிவங்களும் வந்துபோய்விட்டன. எல்லாவற்றையும் பார்த்த பிறகு எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான். இந்த நோய் அழுக்கால் பரவுவதைவிட, வயிறு சரியில்லாதவர் அதை மறைப்பதாலும், மறைக்கும்படி நாம் அவரை வைத்திருப்பதாலும்தான் அதிகம் பரவுகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது இதற்கு அடுத்தபடி. மற்றதெல்லாம் அதற்கும் கீழே.

இப்படிச் சொன்னால் பழைய தலைமுறைச் சுகாதார அதிகாரிகள் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. அவர்கள் சந்தித்த எதிரி வேறு. 1970-களில் கப்பல்களில் வயிற்றுநோய் கிளம்பினால் குடிநீர்த் தொட்டியையோ, குளிர்பதன அறையையோ, முந்தின நாள் சமைத்து வைத்த இறாலையோ தேடிப் போவதுதான் முறை. 1975-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியதும் அந்தக் காரணத்துக்காகத்தான். அமெரிக்கத் துறைமுகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்துபோகும், 13 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் கப்பல்களை முன்னறிவிப்பு இல்லாமல் சோதிப்பார்கள். மொத்தம் 100 மதிப்பெண். 85 அல்லது அதற்குக் கீழே போனால் தோல்வி. குடிநீரில் குளோரின் எவ்வளவு, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சூடு எவ்வளவு, பச்சை இறைச்சியும் சமைத்த உணவும் ஒரே பலகையில் வெட்டப்படுகின்றனவா என்றெல்லாம் பார்க்கத் தொடங்கியதும் பாக்டீரியாவால் வரும் கப்பல் நோய்கள் அடங்கின. அது பெரிய வெற்றி. ஆனால் அந்த வெற்றி ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. வயிற்றுநோய் என்றாலே சமையலறையைப் பார்க்கும் பழக்கம் அது. குற்றவாளி சமையலறையிலிருந்து மாடிப்படிக் கைப்பிடிக்கு இடம் மாறியதை உணர எங்களுக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

அந்தக் குற்றவாளி புதிதாகப் பிறந்து வந்ததும் அல்ல. குளிர்காலத்தில் குடும்பம் குடும்பமாக வாந்தி எடுக்கும் நோயைப் பற்றி ஜான் சகோர்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1929-லேயே எழுதியிருக்கிறார். 1968-இல் ஒஹையோ மாநிலத்தின் நார்வாக் ஊரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் மாணவர்களும் ஆசிரியர்களுமாகப் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். அங்கே எடுத்துவைத்த மாதிரிகளிலிருந்துதான் 1972-இல் ஆல்பர்ட் கபிக்கியான் மின்னணு நுண்ணோக்கியில் அந்த வைரஸைப் பார்த்தார். ஊர்ப்பெயர் வைரஸுக்கு ஒட்டிக்கொண்டது. பார்த்தாகிவிட்டதே தவிர, அதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கும் சோதனை 1990-களில் அதன் மரபணு வரிசை தெரிந்த பிறகுதான் கைக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் மனிதக் குடல் உயிரணுக்களில் அதை வளர்க்க முடிந்தது 2016-இல். இடைப்பட்ட காலத்தில் கப்பல் அறிக்கைகளில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதப்பட்டவற்றில் எத்தனை நோரோவோ, யார் கண்டது.

2002 எங்கள் தொழிலை உலுக்கிய ஆண்டு. புதிய வகை நோரோ ஒன்று நிலத்தில் பரவியதும் கப்பல்களிலும் அடுத்தடுத்து நோய் கிளம்பியது. அப்போது விரிவாக ஆராயப்பட்ட ஒரு கப்பலின் கதை பாடமாகவே ஆகிவிட்டது. இரண்டு பயணங்களில் நோய் கிளம்பியதும், கப்பலை ஒரு வாரம் நிறுத்தி மூலை முடுக்கெல்லாம் கிருமிநாசினியால் துடைத்தார்கள். பிறகு புதுப் பயணிகளோடு கிளம்பினார்கள். அடுத்த நான்கு பயணங்களிலும் நோய் வந்தது. பழைய வைரஸ் தங்கியிருந்தது, புதிய வகைகளும் ஏறிக்கொண்டன, கரையிறங்கியவர்கள் ஊரில் போய் இன்னொரு கூட்டத்துக்கும் கொடுத்தார்கள். ஒரு வாரத் துடைப்பு ஏன் பலிக்கவில்லை என்ற கேள்விக்குத் ‘துடைத்தது போதாது’ என்று பதில் சொன்னவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. துடைத்த கப்பலில் அதே ஊழியர்கள் திரும்ப வேலைக்கு நின்றார்கள். குணமான பிறகும் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல், மலத்தில் வைரஸ் போய்க்கொண்டே இருக்கும். சுவரைத் துடைக்கலாம், மனிதரைத் துடைக்க முடியாது. அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் கழிப்பறையிலிருந்து வந்து கை கழுவுகிறாரா என்பதில்தான் அந்த ஒரு வார உழைப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது, கப்பல் இத்தனை ஆபத்தென்றால் போகாமலே இருந்துவிடலாமே என்று. கேள்வி சரி, அதன் அடியில் இருக்கும் எண்ணம்தான் தவறு. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு கோடிப் பேருக்கு நோரோ வருகிறது. ஆண்டுதோறும் பதிவாகும் நோரோக் கூட்டுத் தொற்றுகள் சுமார் 2,500. அவற்றில் கப்பலில் நடப்பவை நூற்றில் ஒன்று. பாதிக்கு மேல் முதியோர் இல்லங்கள் போன்ற பராமரிப்பு இடங்களில் நடக்கின்றன. 2008 முதல் 2014 வரை அமெரிக்கக் கப்பல் சுகாதாரத் திட்டத்தின் கீழ் வந்த கப்பல்களில் 7 கோடிப் பேருக்கு மேல் பயணம் செய்ததில், வயிற்றுநோய் என்று பதிவானவர்கள் 1,29,678 பேர், நூற்றுக்கு 0.18. அந்த ஏழு ஆண்டுகளில் விகிதம் குறைந்தும் வந்தது. பிறகு ஏன் கப்பலுக்கு மட்டும் கெட்ட பெயர்? கப்பலில் எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். பயணிகளிலோ ஊழியர்களிலோ நூற்றுக்கு மூன்று பேருக்கு வந்துவிட்டால் கப்பலின் பெயரோடு ஊரறிய வெளியிடுகிறார்கள். 2014 ஜனவரியில் ‘எக்ஸ்ப்ளோரர் ஆஃப் த சீஸ்’ கப்பலில் 600-க்கும் மேற்பட்ட பயணிகள், அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், நோயில் விழுந்தபோது உலகமே பார்த்தது. கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுப் போன நானூறு பேரில் எண்பது பேர் மறுநாள் அவரவர் வீட்டுக் கழிப்பறை வாசலில் நின்றாலும் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. ‘நேத்து சாப்பாடு சரியில்லை’ என்பதோடு முடிந்துபோகும். கேரளத்தில் 2021-இல் வயநாட்டிலும் 2023-இல் எர்ணாகுளத்திலும் மாணவர்களிடம் நோரோ உறுதியானது, அங்கே யாரோ மாதிரி எடுத்துச் சோதித்ததால். சோதிக்காத ஊர்களில் நோய் இல்லை என்று எண்ணிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

எண்ணிக்கை உயர்ந்த இடத்தில் நோய் அதிகம் என்று நினைப்பது போலவே, சானிடைசர் புட்டி இருக்கும் இடத்தில் பாதுகாப்பு அதிகம் என்று நினைப்பதும் தவறு. கொரோனா காலம் இந்த நம்பிக்கையை வேரூன்ற வைத்துவிட்டது. கொரோனாவுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது, கெட்டியான புரத ஓடுதான். தன்னார்வலர்களின் விரல்களில் வைரஸைத் தடவிச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. சோப்பும் தண்ணீரும் நன்றாக வேலை செய்தன. சோப்பே இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்ததும் ஏறக்குறைய அதே அளவுக்கு வேலை செய்தது. கடைசியில் நின்றது சானிடைசர். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி முதியோர் இல்லங்களில் 2006-07 குளிர்காலத்தைப் பற்றி எடுத்த கணக்கும் இதையே சுட்டியது: ஊழியர்கள் சோப்புக்குப் பதிலாகச் சானிடைசரைச் சார்ந்திருந்த இல்லங்களில் நோரோ கிளம்புவது கூடுதலாக இருந்தது. அது காரணத்தை நிரூபிக்காது. சானிடைசரை நம்பும் இடம் வேறு விதத்திலும் அசட்டையாக இருக்கலாம். இருந்தாலும் ஆய்வுக்கூட முடிவோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் மிஞ்சவில்லை. வைரஸைக் கொல்வது முக்கியமல்ல, கையிலிருந்து உரசிச் சாக்கடையில் இறக்கிவிடுவதே முக்கியம். நம் வழக்கத்தில் இதற்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. கையால் சாப்பிடுவதால் சாப்பாட்டுக்கு முன் கையை நனைக்காமல் உட்காரமாட்டோம். ஆனால் உணவகத்தில் கவனித்துப் பாருங்கள்: சாப்பிடும் முன் விரல்நுனி மட்டும் நனையும், சோப்பைத் தேடுவது சாப்பிட்ட பிறகு, எண்ணெய்ப் பிசுக்குப் போக. வரிசை தலைகீழாக இருக்கிறது. இருபது விநாடி உரசிக் கழுவும் வேலையைச் சாப்பாட்டுக்கு முன்னால் நகர்த்தினால் போதும், செலவே இல்லை.

அப்படிக் கழுவிய கை அடுத்து எதைத் தொடுகிறது என்பதில்தான் எங்கள் தொழிலின் பெரிய அவமானம் இருக்கிறது. பிலிப் கார்லிங்கும் அவருடைய கூட்டாளிகளும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 56 கப்பல்களின் பொதுக் கழிப்பறைகளில் கண்ணுக்குத் தெரியாத, புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் பூச்சைப் பல இடங்களில் வைத்துவிட்டு, அது துடைக்கப்படுகிறதா என்று நாள்தோறும் பார்த்தார்கள். 8,000-க்கும் மேற்பட்ட பொருட்களில் தினமும் துடைக்கப்பட்டவை நூற்றுக்கு 37 மட்டுமே. கழிப்பறை இருக்கைகள் பரவாயில்லை, பாதி துடைக்கப்பட்டிருந்தன. வெளியே வரும் கதவின் கைப்பிடி 35. அதாவது ஒழுங்காகக் கை கழுவிய பயணி, மூன்று நாளுக்கு இரண்டு நாள், அன்றைக்குத் துடைக்கப்படாத கைப்பிடியைப் பிடித்துத்தான் வெளியே வந்தார். அப்படிச் சோதித்த பிறகு நோரோ கிளம்பிய மூன்று கப்பல்களில் துடைப்பு சராசரி பத்துச் சதவீதத்தைச் சுற்றி, மற்றவற்றில் நாற்பது. மதிப்பெண் தாளில் நன்றாக வாங்கிய கப்பல் கழிப்பறையிலும் நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. ஊழியர் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். ஒருவருக்கு இத்தனை அறை, இத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டவர் யார் என்று கேட்டால்தான் விஷயம் புரியும். பழைய பயணிகள் காலையில் இறங்கி, புதியவர்கள் மதியத்துக்குள் ஏறும் அந்த நாளில், கண்ணுக்குத் தெரியும் கண்ணாடியும் படுக்கை விரிப்பும் முந்திக்கொள்ளும். கைப்பிடி பின்னுக்குப் போகும். பேருந்து நிலையம், திரையரங்கு, மண்டபம் எங்கும் இதே கதைதான். அதனால்தான் காகிதக் கைக்குட்டையால் கதவைத் திறந்து வெளியே வருகிறவரை நான் கிறுக்கர் என்று நினைப்பதில்லை.

இனி வருவது கை கழுவுவதை மட்டுமே நம்புகிறவர்களுக்கு. 1998 டிசம்பரில் இங்கிலாந்தில் ஒரு ஓட்டல் விருந்தில் 126 பேர் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் மேசையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். ஊழியர் உடனே சுத்தம் செய்தார், விருந்து தொடர்ந்தது. இரண்டு மூன்று நாளில் 52 பேருக்கு நோய். அவருடைய மேசையில் பத்தில் ஒன்பது பேர். அடுத்த மேசையில் பத்தில் ஏழு. தள்ளத் தள்ளக் குறைந்து, கடைசி மேசையில் நாலில் ஒருவர். எந்த உணவோடும் கணக்கு ஒத்துப்போகவில்லை, தூரத்தோடு மட்டும் ஒத்துப்போனது. வாந்தி தெறிக்கும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றில் நின்று, வாயில் விழுந்து, விழுங்கப்படுகின்றன. அடுத்த மாதமே வேல்ஸில் ஓர் இசையரங்கில் ஒருவர் இருக்கையிலும் கழிப்பறையிலும் வாந்தி எடுத்தார். அடுத்த நாட்களில் அங்கே வந்த பள்ளிக் குழந்தைகள் உட்பட 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய். முந்தின நாள் வாந்தி எடுத்தவரை அவர்கள் கண்ணால் கண்டதுகூட இல்லை. கம்பளத்தை மேலோட்டமாகத் துடைத்திருந்தார்கள். ஒரு மருத்துவமனை வார்டில் கடைசி நோயாளி குணமாகிப் பன்னிரண்டு நாள் கழித்து, தினமும் தூசி உறிஞ்சப்பட்ட கம்பளத்தைப் பெயர்த்தெடுத்த இரண்டு தொழிலாளர்களுக்கும் நோய் வந்தது. இதிலிருந்து பொது இடத்தில் செய்ய வேண்டியது தெளிவு. பக்கத்தில் யாராவது வாந்தி எடுத்தால் எட்டிப் பார்க்காமல் எழுந்து தள்ளிப் போங்கள், அங்கே திறந்திருந்த சாப்பாட்டைத் தொடாதீர்கள். உதவத்தான் வேண்டும், அது நம் பண்பு. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு உதவுங்கள். சுத்தம் செய்வதற்கு வெறும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி போதாது, அது வைரஸை எடுத்துப் பக்கத்துக்குப் பரப்பிவைக்கும். முதலில் உறிஞ்சும் காகிதத்தால் அள்ளி எடுத்துவிட்டு, பிறகு குளோரின் கரைசல். கடையில் கிடைக்கும் ஐந்து சதவீதத் திரவ பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 100 மில்லி, அன்றன்றைக்குக் கலக்கியது, சில நிமிடம் ஊறவிட வேண்டும். கழிப்பறை ஆசிட்டோடு அதைச் சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும்; நம் வீடுகளில் இந்தத் தவறு நடக்கிறது.

ஆனால் இத்தனைக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த விருந்துக்கு, அந்த அரங்குக்கு, வயிறு கலங்கிய ஒருவர் ஏன் வந்தார்? 2009 ஜனவரியில் ஒரு கப்பலில் நோய் கிளம்பியபோது ஆய்வாளர்கள் எல்லாப் பயணிகளிடமும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 1,842 பேரில் 1,532 பேர் பதில் எழுதினார்கள், 236 பேருக்கு நோய் வந்திருந்தது. அவர்களில் 95 பேர், ஐந்தில் இருவர், கப்பல் மருத்துவமனைக்குச் சொல்லவே இல்லை. கப்பலின் அதிகாரபூர்வ எண்ணிக்கையில் அவர்கள் இல்லை. உணவுக்கூட வரிசையில் இருந்தார்கள். இந்த ஐந்தில் இருவரைச் சேர்க்காத எந்தத் தடுப்புத் திட்டமும் காகிதம்தான். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தில் வந்த பயணம். சொன்னால் அறைக்குள்ளேயே இருக்கச் சொல்வார்கள். பணம் திரும்பி வருமா என்று தெரியாது. மறைத்தால் லாபம், சொன்னால் நஷ்டம் என்று ஏற்பாடு செய்துவைத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது யார் தவறு? ஊழியர்கள் பக்கம் இது இன்னும் கொடிது. அமெரிக்க உணவகத் தொழிலாளர்களிடம் கேட்டபோது, ஐந்தில் ஒருவர் முந்தைய ஓராண்டில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தும் ஒரு நாளாவது வேலை செய்ததாகச் சொன்னார்கள். நாள் போனால் கூலி போகும், இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடுவார். கப்பலில் சமையலறை ஊழியருக்கு அறிகுறி நின்ற பிறகும் 48 மணி நேரம் வேலைக்கு வரக் கூடாது என்று விதி இருக்கிறது. நல்ல விதி. அந்த 48 மணி நேரத்துக்குச் சம்பளமும் உண்டு, ஒப்பந்தமும் போகாது என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். 2018-இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் பாதுகாப்பு ஊழியர்களிடையே நோரோ வந்ததும், 1,200 பேரை வேலையிலிருந்து விலக்கி 900 ராணுவ வீரர்களை நிறுத்தினார்கள். மாற்று ஆள் கையில் இருந்ததால் அது முடிந்தது. நம் கல்யாணச் சமையலில் மாஸ்டருக்கு வயிறு சரியில்லை என்றால் மாற்று ஆள் யார்? கேட்டுப் பாருங்கள்.

இதற்கு நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்படும் மறுப்பு எனக்குத் தெரியும். சொன்னவருக்கெல்லாம் ஈடு கொடுத்தால், கடைசி இரண்டு நாளில் பாதிக் கப்பலுக்கு ‘வயிற்றுவலி’ வந்துவிடும் என்பார்கள். கொஞ்சம் ஏமாற்று நடக்கும், உண்மை. ஆனால் பொய்யாக அறைக்குள் படுத்திருப்பவரால் யாருக்கும் நோய் வராது. பொய்யாக நலமாக இருப்பவரால்தான் வரும். ஒரு பயணத்தை ரத்து செய்து கப்பலை வெறுமனே கட்டிவைக்கும் செலவோடு ஒப்பிட்டால் இந்த ஏமாற்று மலிவு. இன்னொரு மறுப்பு பஃபே பற்றியது. பயணிகளுக்குத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வது பிடிக்கும், அதை மாற்றினால் வியாபாரம் போகும் என்றார்கள். ஊழியரே பரிமாறும் முறையை நோய்க் காலத்தில் பல கப்பல்கள் கொண்டுவந்தன. கொரோனாவுக்குப் பிறகு அது ஓரளவு நிலைத்தது. ஒரே கரண்டியை முந்நூறு கை பிடிப்பதற்கும் ஒரு கை பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம், பந்தி என்பது அதுதான். இலையில் உட்கார்ந்தவர் சாம்பார் வாளியைத் தொடுவதில்லை. பந்தியைப் பழசு என்று தள்ளி பஃபே வைக்கும் மண்டபங்கள் இந்த ஒரு விஷயத்தில் பின்னால் போயிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். பந்தியிலும் ஓட்டை உண்டு. பரிமாறும் அந்த ஒரு கைக்கு நோய் இருந்தால் முந்நூறு இலைக்கும் போகும். ஆகவே சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்: அந்த ஒருவர் ‘எனக்கு முடியவில்லை’ என்று பயமில்லாமல் சொல்ல முடிகிறதா?

பதினெட்டு வைரஸ் துகள் போதும் நோய் வர என்று படித்துவிட்டு, அப்படியானால் எதைச் செய்தும் பயனில்லை என்று கைவிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் 2008-இல் வந்த ஒரு கணக்கீடு. பின்னால் வந்த ஆய்வுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றன. எதுவாக இருந்தாலும் நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கில் இருப்பதோடு பார்த்தால் சொற்பமே. ஆனால் தொற்று என்பது உண்டு-இல்லை கணக்கு அல்ல. கைக்கு வருவது குறையக் குறைய, வாய்க்குப் போவது குறையும். வாய்க்குப் போவது குறைந்தால் விழுகிறவர்கள் குறைவார்கள். விழுகிறவர்கள் குறைந்தால் அடுத்தவர் கைப்பிடிக்குப் போவதும் குறையும். ஒரு கப்பலில் நூற்றுக்கு இருபதுக்கும் நூற்றுக்கு இரண்டுக்கும் உள்ள தூரம் இப்படிச் சிறிது சிறிதாகத்தான் உண்டாகிறது. பிறப்பிலேயே பல நோரோ வகைகளுக்கு இடம் கொடுக்காத உடல்வாகு கொண்டவர்கள் உண்டு. ஐரோப்பியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அப்படி. மற்றவர்களுக்கு ஒருமுறை வந்ததால் கிடைக்கும் எதிர்ப்பு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும், வைரஸும் வேஷம் மாற்றிக்கொண்டு வரும். 2012-இல் சிட்னி வகை வந்தது. 2024-25 குளிர்காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு வகை அதை முந்தியது. எனக்குப் போன வருஷமே வந்துவிட்டது என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

கப்பலில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஏறுவதற்கு முந்தின நாள் உங்களுக்கோ குழந்தைக்கோ வாந்தி வந்திருந்தால் படிவத்தில் ‘இல்லை’ என்று போடாதீர்கள். கப்பலில் வயிறு கலங்கினால் கூடத்துக் கழிப்பறைக்கு ஓடாமல் உங்கள் அறைக் கழிப்பறைக்கே போங்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால், மின்தூக்கியில் ஏறி வரவேற்பு மேசை வழியாக நடந்து போகாதீர்கள். அறையில் தொலைபேசி இருக்கிறது. கூப்பிட்டால் அவர்களே வருவார்கள்.